கொல்லைப்புறத்தில் ஒரு கனித்தோட்டம்

ஒரு பழமரக் கன்றின் விலை பெரியதன்று. ஒரு குடும்பம் ஒருநாள் மாலை வெளியே சென்று சிற்றுண்டி அருந்தும் செலவில் தரமான ஒட்டுக்கன்று ஒன்றை வாங்கிவிடலாம். ஆயினும் வீட்டில் பழமரம் வைப்பவர் முதலீடு செய்வது பணத்தை அன்று, காலத்தை. தக்காளிச் செடியில் தவறு நேர்ந்தால் மூன்று மாதங்களில் திருத்திக்கொள்ளலாம். மாமரத்தில் நேர்ந்த தவறு வெளியே தெரியவே ஐந்தாறு ஆண்டுகள் ஆகிவிடும்.

இதை நாங்கள் பட்டு அறிந்தோம். எங்கள் வீட்டுக் கொல்லையில் முதன்முதலாக நட்டது ஒரு மாங்கன்று. பங்கனப்பள்ளி ஒட்டு என்று சொல்லி விற்றார்கள். வாங்கி வந்து நட்டோம். இரண்டாம் ஆண்டுக் கோடையில் அதன் நுனி காய்ந்தது. கன்று போயிற்று என்று வருந்திக்கொண்டிருந்தபோது அடித்தண்டிலிருந்து இரண்டு புதிய கிளைகள் செழிப்பாகக் கிளம்பின. மகிழ்ந்து, எருவிட்டு நீர் வார்த்தோம். ஏழாம் ஆண்டில் மரம் காய்த்தது. காய்கள் சிறியவை, பழுத்தபின் நாரும் புளிப்புமாக இருந்தன. தோட்டக்கலையில் பழகிய உறவினர் ஒருவர் வந்து தண்டின் அடியைத் தடவிப் பார்த்து, ஒட்டுக்கட்டிய வடுவையும் அதற்குக் கீழே கிளைகள் புறப்பட்ட இடத்தையும் காட்டினார். ஒட்டு என்றோ பட்டுப்போயிருந்தது. ஏழாண்டுகளாக நாங்கள் வளர்த்தது, அதைத் தாங்குவதற்காக வைக்கப்பட்ட பெயரறியா வேர்ச்செடியை. அந்த மரத்தின் பழத்தைத் தின்றுபார்க்க வேண்டும் என்று ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுப் பெரியவர் அதற்கு முந்திய ஆண்டே மறைந்துவிட்டார்.

வேறு எந்த வீட்டிலும் அந்த ஏழாண்டுகள் வீணாகக் கூடாது என்பதே இக்கட்டுரையின் நோக்கம். வெப்ப மண்டலத்தில் வாழும் நமக்கு ஆண்டு முழுவதும் வெயில் கிடைக்கிறது. அதை நல்ல கனியாக மாற்றிக்கொள்ளும் வழிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

இடத்தை அளந்தபின் மரத்தைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலோர் முதலில் மரத்தை விரும்பி, பிறகே அதற்கு இடம் தேடுகின்றனர். வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. முதலில் ஒரு விடுமுறை நாளில் காலை முதல் மாலை வரை கொல்லையில் வெயில் எங்கெங்கே, எத்தனை மணி நேரம் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்க்க வேண்டிய எந்தப் பழமரத்துக்கும் நாள்தோறும் குறைந்தது ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். மதிற்சுவரின் நிழலில் மரம் வளரும், காய்க்காது.

அடுத்து, மரம் வளர்ந்தபின் கொள்ளும் பரப்பை எண்ண வேண்டும். மரபான தோட்டங்களில் மாமரத்துக்கு மாமரம் 10 மீட்டரும், சப்போட்டாவுக்கு 8 மீட்டரும், கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் 5 முதல் 6 மீட்டரும், மாதுளைக்கு 3 மீட்டரும், பப்பாளிக்கு ஏறத்தாழ 2 மீட்டரும் இடைவெளி விடுவர். ஆண்டுதோறும் கவாத்து செய்து உருவத்தை அடக்கிவைத்தால் இந்த இடைவெளியைப் பாதியாகக் குறைக்கலாம். கவாத்து செய்ய மனமில்லாதவர் இந்த அளவுகளை அப்படியே கொள்ள வேண்டும்.

சிறு மனையில் மாமரம் வேண்டும் என்போருக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய அம்ரபாலி ஏற்றது. இது வட இந்தியாவின் தஷேரியும் தென்னிந்தியாவின் நீலமும் கலந்து பிறந்த இரகம். உயரம் குறைவு, ஒரு வருடம் காய்த்து மறு வருடம் ஓய்வெடுக்கும் குணமும் இதற்கு இல்லை. இடம் குறைவாக உள்ளவர்கள் பலாவையும் நாவலையும் பொது இடத்துக்கோ ஊர்ப்புறத்து நிலத்துக்கோ விட்டுவிடுவதே நல்லது. கழிவுநீர்த் தொட்டி, நிலத்தடி நீர்த்தொட்டி, வீட்டின் கடைக்கால், தலைக்கு மேலே செல்லும் மின்கம்பி ஆகியவற்றின் அருகில் எந்தப் பெருமரமும் வேண்டாம்.

மாடியில் வளர்ப்போர் எடையைக் கணக்கிட வேண்டும். ஈரமண் ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 45 முதல் 55 கிலோ வரை இருக்கும். எனவே மண்ணின் பங்கைக் குறைத்து, மக்கிய தென்னைநார்க் கழிவையும் மண்புழு உரத்தையும் மிகுத்துக் கலக்க வேண்டும். பெரிய தொட்டிகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல், தூணும் உத்தரமும் தாங்கும் ஓரங்களில் வையுங்கள். எலுமிச்சை, கொய்யா, மாதுளை, அத்தி, முசுக்கொட்டை ஆகியவை 60 முதல் 100 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டியில் நன்கு காய்க்கும்.

ஊரின் குளிரும் வெயிலும்

இந்தியா முழுவதும் வெப்ப நாடு என்றாலும், எல்லா ஊர்களின் வெப்பமும் ஒன்றன்று. முசாபர்பூரின் லிச்சி சென்னையில் தழைக்கலாம். ஆனால் பூப்பதற்கு அதற்குக் குளிர்காலம் வேண்டும். சென்னையிலும் மும்பையிலும் அந்தக் குளிர் இல்லை. மறுபுறம், தென்னாட்டில் ஆண்டெல்லாம் காய்க்கும் பப்பாளியும் வாழையும் பஞ்சாபின் பனியில் கருகிவிடும். அங்கு வாழும் நம் வாசகர்கள் குளிர்கால இரவுகளில் அவற்றை வைக்கோலாலோ சாக்காலோ போர்த்திக் காக்க வேண்டும்.

அண்மைக் காலத்தில் சமவெளியில் ஆப்பிள் வளர்க்கும் ஆர்வம் பெருகியுள்ளது. ஆப்பிளின் பழைய இரகங்கள் பலவற்றுக்கு 7 பாகை செல்சியசுக்குக் கீழ்ப்பட்ட குளிர் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் வேண்டும். குறைந்த குளிரில் காய்க்கும் அன்னா, டார்செட் கோல்டன் ஆகிய இரகங்களும், இமாசலப் பிரதேசத்தின் பிலாஸ்பூர் மாவட்ட விவசாயி ஹரிமன் சர்மா உருவாக்கிய எச்.ஆர்.எம்.என்.-99 என்னும் இரகமும் இப்போது கிடைக்கின்றன. சமவெளி ஆப்பிளை ஆர்வத்துக்காக வைக்கலாம். வீட்டின் முதல் மரமாக வைக்க வேண்டாம். முதல் மரம், அண்டை வீட்டில் ஏற்கெனவே காய்த்துக்கொண்டிருக்கும் மரமாக இருக்கட்டும். அந்த மண்ணும் நீரும் அதற்கு ஒத்துக்கொண்டதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

விதையா, பதியமா, ஒட்டா?

தின்ற பழத்தின் கொட்டையை நட்டால் அதே பழம் கிடைக்குமா என்று பலரும் கேட்கின்றனர். விடை மரத்துக்கு மரம் வேறுபடும்.

எலுமிச்சை விதையிலிருந்து எழும் நாற்றுகளில் பல தாயின் குணத்தை அப்படியே கொண்டிருக்கும். ஒரே விதைக்குள் தாய்மரத்தின் திசுவிலிருந்தே கருக்கள் உருவாவது இதற்குக் காரணம். வெள்ளைக்கொழும்பான், ஓலூர் போன்ற சில தென்னாட்டு மா இரகங்களுக்கும் இத்தன்மை உண்டு. ஆனால் அல்போன்சா, தஷேரி, பங்கனப்பள்ளி முதலியவற்றின் கொட்டையில் ஒரே கருதான் இருக்கும். அது மகரந்தம் தந்த மரத்தின் குணத்தையும் கலந்துகொண்டு பிறக்கும். அவற்றை ஒட்டுக்கன்றாகவே வாங்க வேண்டும். கொய்யா, மாதுளை, அத்தி ஆகியவற்றுக்குப் பதியன் கன்று நன்று. மாதுளையும் அத்தியும் குச்சியிலிருந்தும் எளிதில் வேர்விடும். சப்போட்டாவைப் பாலை மரத்தின் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டுவர். அத்தகைய கன்று வறட்சியைத் தாங்கி நெடுங்காலம் வாழும். பப்பாளிக்கு விதையே வழி.

கன்று வாங்கும்போது நாங்கள் பார்க்கத் தவறியவற்றை நீங்கள் பாருங்கள். ஒட்டுக்கட்டிய இடம் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் உயரத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். அதற்கு மேலே உள்ள பகுதியில் குறைந்தது இரு முறை தளிர்விட்ட இலைகள் இருக்க வேண்டும். ஒட்டில் சுற்றிய நெகிழித்தாள் தண்டை இறுக்கியிருந்தால், நடும்போதே பிளேடால் கீறி நீக்கிவிடுங்கள். பையின் அடியில் வேர்கள் சுருண்டு தடித்த கன்று வேண்டாம். உயரமான கன்றைவிடத் தண்டு தடித்த குட்டையான கன்று மேலானது. அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளிலும் வேளாண் பல்கலைக்கழகங்களின் நாற்றங்கால்களிலும் இரகத்தின் பெயருக்கு உறுதி கூடுதலாகக் கிடைக்கும்.

நட்டபின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு, மாதம் ஒருமுறை குனிந்து ஒட்டின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். அங்கே எழும் ஒவ்வொரு தளிரும் வேர்ச்செடியுடையது. அது விரலால் கிள்ளும் பருவத்திலேயே நீக்கப்பட வேண்டும். எங்கள் ஏழாண்டுகள் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாததால் போயின.

முதிர்வுக் காலம் அறிந்து கலந்து நடுங்கள்

சேமிப்பில் குறுகிய கால வைப்பும் நெடுங்கால வைப்பும் கலந்திருப்பது நலம் என்பதை இவ்விதழின் வாசகர்கள் அறிவார்கள். தோட்டத்திலும் அவ்வாறே. பப்பாளி நட்ட 9 அல்லது 10 மாதங்களில் முதற்பழம் தரும். வாழைக்கு ஏறத்தாழ ஓராண்டு. முசுக்கொட்டை அதே காலத்தில் சில பழங்களையேனும் காட்டிவிடும். பதியன் கொய்யாவும் மாதுளையும் 2 முதல் 3 ஆண்டுகளிலும், சீத்தாவும் ஒட்டுச் சப்போட்டாவும் 3 முதல் 4 ஆண்டுகளிலும், விதைக்கன்று எலுமிச்சை 4 முதல் 5 ஆண்டுகளிலும் காய்க்கும். ஒட்டு மா மூன்றாம் ஆண்டிலேயே பூக்கத் தொடங்கினாலும், தொடக்கப் பூக்களைக் கிள்ளிவிட்டு நான்காம் அல்லது ஐந்தாம் ஆண்டில் காய்க்க விடுவது மரத்தின் உடலுக்கு நல்லது.

ஒரு மாமரமும் ஒரு கொய்யாவும் நட்டு, அவற்றுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தில் இரண்டு பப்பாளியை வைப்பது நல்ல திட்டம். பெருமரம் கிளைபரப்பும் காலத்தில் பப்பாளி தன் வாழ்நாளை முடித்துக்கொண்டிருக்கும். காத்திருப்பதற்கான பொறுமையையும் இடைக்காலப் பழங்கள் நமக்குத் தந்துவிடுகின்றன.

குழியும் நடுதலும்

கோடையில் குழியெடுத்து இரண்டு மூன்று வாரங்கள் வெயிலில் ஆறவிடுவது நம் முன்னோர் கடைப்பிடித்த முறை. மண்ணில் மறைந்திருக்கும் புழுக்களும் பூசணமும் ஓரளவு குறைய இது உதவும். மா, சப்போட்டா ஆகியவற்றுக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டர்; எலுமிச்சைக்கு முக்கால் மீட்டர்; கொய்யா, பப்பாளி ஆகியவற்றுக்கு அரை மீட்டர் போதும்.

குழியை மூடுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். மாலையில் குழி நிறைய நீர் ஊற்றிவிட்டு மறுநாள் காலையில் பாருங்கள். நீர் இன்னும் தேங்கியிருந்தால் அந்த மண்ணுக்கு வடிகால் இல்லை என்று பொருள். அங்கே தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு அமைத்து, அதன்மேல் நட வேண்டும். பப்பாளி ஓரிரு நாள் தேங்கிய நீரில் நின்றாலே அடித்தண்டு அழுகிச் சாயும்.

மேல்மண்ணுடன் நன்கு மக்கிய தொழுவுரம் 10 கிலோவும் வேப்பம் பிண்ணாக்கு அரைக் கிலோவும் கலந்து குழியை நிரப்பி, தென்மேற்குப் பருவமழை தொடங்கியபின் நடுங்கள். வடகிழக்குப் பருவமழை பெறும் தமிழகக் கடலோரத்தில் ஐப்பசி மழைக்குச் சற்று முன் நடுவது பொருத்தம். பையில் மண் நின்ற அளவுக்கே கன்று புதைய வேண்டும். ஒட்டுப் பகுதி மண்ணுக்குள் செல்லவே கூடாது. காற்றில் ஆடாதபடி ஒரு கழியை நட்டுத் தளர்வாகக் கட்டிவிடுங்கள்.

நீரும் மூடாக்கும்

மரம் தண்டின் அடியில் நீர் குடிப்பதில்லை. கிளைகளின் நுனி நிழலாக விழும் வட்டத்தின் கீழேதான் நீரை உறிஞ்சும் இளவேர்கள் மிகுதி. மரம் வளர வளர நீர்ப்பாத்தியும் வெளிநோக்கி நகர வேண்டும். நாள்தோறும் ஒரு குவளை ஊற்றுவதைவிட, முதலாண்டில் வாரம் இருமுறையும் பிறகு வாரம் ஒருமுறையும் ஆழமாக நனையும்படி விடுவது வேரைக் கீழ்நோக்கி வளர்க்கும்.

உதிர்ந்த இலை, வைக்கோல், தென்னை மட்டைத்தூள் எதுவாயினும் பாத்தியில் நான்கு விரற்கடைக் கனத்துக்குப் பரப்பிவிட்டால் ஈரம் காக்கப்படும், களை குறையும், மக்கியபின் அதுவே உரம். தண்டைச் சுற்றி ஒரு சாண் வட்டத்தை மட்டும் வெறுமையாக விடுங்கள். ஈரமூடாக்கு தண்டைத் தொட்டால் பட்டை அழுகும்.

நகரங்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் உவர்ப்பாக இருப்பது பொதுவான துன்பம். மண்ணோடு நீரையும் ஒருமுறை பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. சப்போட்டாவும் இலந்தையும் உப்பைப் பெரிதும் தாங்கும்; மாதுளை ஓரளவு தாங்கும்; எலுமிச்சைக் குடும்பம் தாங்காது. சமையலறையில் அரிசி, காய்கறி கழுவிய நீர் வாழைக்கு அமுதம். குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் நீரில் உப்பு செறிந்திருக்கும்; அதைச் செடிக்கு ஊற்ற வேண்டாம்.

நீரை நிறுத்துவதும் ஒரு கலை. காய்க்கும் வயதுள்ள மாமரத்துக்குப் பூக்கும் முன் இரண்டு மாதங்கள் நீர் விடாமலிருந்தால் அது இலைவிடுவதை நிறுத்திப் பூக்க முனையும். பிஞ்சுகள் பட்டாணி அளவு வந்தபின் நீரைத் தொடங்குங்கள். மாதுளைக்கு இதற்கு நேர்மாறான எச்சரிக்கை வேண்டும். காய் முதிரும் காலத்தில் மண் காய்ந்து கிடந்து திடீரென நனைந்தால் பழம் வெடிக்கும். சீரான ஈரமே அதற்கு மருந்து.

வீட்டுக்கு ஏற்ற சில மரங்கள்

கொய்யா: புதுத் தளிரில் பூக்கும் மரம், ஆகவே வெட்ட வெட்டக் காய்க்கும். அலகாபாத் சபேதா, லக்னோ-49 ஆகியவை பழகிய வெள்ளைச் சதை இரகங்கள். லலித், அர்கா கிரண் ஆகியவை சிவந்த சதை உடையவை. மழைக்காலக் கொய்யாவில் புழு மிகுதி, சுவை குறைவு. வட மாநிலங்களில் சித்திரை, வைகாசிப் பூக்களை நீக்கிவிட்டு, மழைக்குப்பின் வரும் பூக்களை வைத்துக் குளிர்காலத்தில் பழம் எடுப்பர். இருக்கும் ஒரே மரத்தில் பாதிப் பூவையாவது அவ்வாறு நீக்கிப் பாருங்கள். வேறுபாடு நாவில் தெரியும்.

எலுமிச்சை: இதன் வேர்கள் மேலாக ஓடுவன. அடியில் மண்வெட்டியால் கொத்தினால் மரம் நலியும். களையைக் கையால் பிடுங்குங்கள். இளந்தளிரில் பறவை எச்சம் போலத் தோன்றும் புழு, பிறகு பச்சையாகப் பெருத்து இலையை மொட்டையடிக்கும். அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. வீட்டில் ஓரிரு மரங்களே இருப்பதால் கையால் எடுத்து அகற்றினால் போதும். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இலை மாறினால் துத்தநாகம் முதலிய நுண்ணூட்டச் சத்தின் குறைவாக இருக்கலாம். தளிர்க்கும் பருவத்தில் இலைவழி தெளித்தால் தேறும்.

பப்பாளி: ஆண்மரம், பெண்மரம் என்று தனித்தனியே பிறக்கும் இரகங்களில் ஒரு குழிக்கு மூன்று நாற்றுகள் நட்டு, பூத்தபின் கழிக்க வேண்டும். நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்குபவை ஆண்பூக்கள். தண்டை ஒட்டித் தனித்தனியே பெரிதாக இருப்பவை பெண்பூக்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ-7, தைவான் நாட்டு ரெட் லேடி ஆகியவற்றில் ஆண்மரம் இல்லை. வீட்டுக்கு இவை எளிது. இடம் மிகக் குறைந்தோர்க்குப் பூசா நன்ஹா என்னும் குட்டை இரகம் உண்டு.

சீத்தா: பூ நிறையப் பூத்தும் காய் பிடிக்கவில்லை என்பது பலரின் குறை. இதன் பூ முதலில் பெண்ணாகவும் பின்னர் ஆணாகவும் நடப்பது. சிறு வண்டுகள் வராவிடில் மகரந்தம் சேராது. இதழ்கள் முழுவதும் விரிந்து தூள் உதிரும் பூவிலிருந்து மெல்லிய தூரிகையால் மகரந்தத்தைத் தொட்டு, காலையில் இதழ்கள் சிறிதே திறந்திருக்கும் வேறொரு பூவின் நடுவில் தடவுங்கள். பத்துப் பூக்களுக்குச் செய்தாலே அவ்வாண்டுக்குப் போதிய பழம் கிடைக்கும்.

சப்போட்டா: காய் முற்றியதா என்று அறிய, தோலின் மேலுள்ள பழுப்புத் தூள் உதிர்கிறதா என்று பாருங்கள். நகத்தால் மெல்லக் கீறினால் பச்சை தெரிந்தால் காத்திருக்க வேண்டும். மஞ்சள் தெரிந்தால் பறிக்கலாம்.

நம் வெயிலுக்கேற்ற பெர்ரிகள்

பெர்ரி என்றவுடன் குளிர்நாட்டுப் பழங்களே நினைவுக்கு வருகின்றன. நம் மண்ணிலேயே பழகிய சிறுகனிகள் சிலவற்றை நாம் மறந்துவிட்டோம்.

முசுக்கொட்டை பட்டுப்புழுவின் உணவாக மட்டும் அறியப்பட்ட செடி. பென்சில் கனமுள்ள குச்சியை ஒரு சாண் நீளத்தில் வெட்டி ஈரமண்ணில் ஊன்றினால் வேர்விடும். கிளைகளை வெட்டி இலைகளை உருவிவிட்டால் புதுத் தளிருடன் பழம் தோன்றும். கறுத்தபின் பறித்தால்தான் இனிப்பு. பறவைகள் நமக்கு முன்னே எழுந்துவிடுவதால் ஒரு பழைய வலையைப் போர்த்துவது உதவும்.

களா, முள் நிறைந்த புதர். வறட்சிக்கு அஞ்சாது, மதிலுக்குப் பதில் வேலியாக வைக்கலாம். காயை ஊறுகாய்க்கும், பழத்தைப் பாகுக்கும் கொள்ளலாம். வட இந்தியக் கோடையில் சர்பத்துக்குப் பெயர்பெற்ற ஃபால்சா, குளிர்காலத்தில் இடுப்பளவுக்கு வெட்டிவிடப்பட்டால் கோடையில் புதுக்கிளையெல்லாம் காய்க்கும். ரஸ்பரி என்று அங்காடியில் விற்கப்படும் காகிதக் கூட்டுப் பழம் நம் சொடக்குத் தக்காளியின் உறவு; மழைக்காலத்தில் விதைத்தால் குளிர்காலத்தின் முடிவில் பலன் தரும். கூடு வைக்கோல் நிறமடைந்து தானே உதிர்ந்த பழத்தையே உண்ண வேண்டும். பச்சைக்காய் உடலுக்கு ஒவ்வாது.

மகாராட்டிரத்தின் மகாபலேசுவரம் மலையில் விளையும் ஸ்டிராபெரியைச் சமவெளியிலும் தொட்டியில் பயிரிடலாம். மழை ஓய்ந்து இரவுகள் குளிரத் தொடங்கும்போது நட்டு, குளிர்காலம் முழுவதும் பறித்து, கோடை முற்றும்போது விடைகொடுத்துவிட வேண்டும். செடியின் நடுக்குருத்து மண்ணுக்குள் புதைந்தால் அழுகும் என்பதை மறவாதீர்கள். புளூபெரிக்கு அமிலத்தன்மை மிக்க மண் வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த நீரில் அது வாழாது. ஆதலால் அதைப் பிற்காலத்துக்கு ஒத்திவைக்கலாம்.

கவாத்தும் பூச்சி மேலாண்மையும்

வீட்டு மரம் கைக்கெட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். கன்று இடுப்பளவு வளர்ந்தவுடன் நுனியைக் கிள்ளி, நாற்புறமும் செல்லும் மூன்று அல்லது நான்கு கிளைகளை மட்டும் வளரவிடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அறுவடை முடிந்தவுடன் உள்நோக்கி வளரும் கிளை, காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை ஆகியவற்றை நீக்குங்கள். பெரிய வெட்டுவாயில் போர்டோ பசையைத் தடவினால் நோய் புகாது.

பூச்சிக்கொல்லியைக் கடைசி ஆயுதமாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு ஒரு வரலாறு சான்று பகரும். 2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் காணப்பட்டது. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட அது பப்பாளி, மரவள்ளி, முசுக்கொட்டை எனப் பயிர்பயிராகப் பரவிற்று. மருந்துகள் அதன் வெண்மெழுகுப் போர்வையை எளிதில் ஊடுருவவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் இயற்கை எதிரிகளான மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூருவின் ஆய்வு நிறுவனத்துக்குக் கொண்டுவரப்பட்டு, பெருக்கப்பட்டு, வயல்களில் விடப்பட்டன. பூச்சி கட்டுக்குள் வந்தது. கண்ணுக்குப் புலப்படாத இத்தகைய நண்பர்கள் நம் கொல்லையிலும் உள்ளனர். கடும் மருந்தைத் தெளித்தால் முதலில் மடிவோர் அவர்களே.

மாவுப்பூச்சியை முதலில் நீரைப் பீய்ச்சி அடித்து அகற்றலாம். பிறகு ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். மாதுளைக் காய் எலுமிச்சை அளவு வரும்போதே காகிதப் பை கட்டினால், முட்டையிட வரும் பட்டாம்பூச்சியிடமிருந்து காக்கலாம். மா, கொய்யா ஆகியவற்றின் பழ ஈக்கு மெத்தில் யூஜினால் வைத்த பொறி ஆண் ஈக்களைக் கவர்ந்து அழிக்கும். உதிர்ந்த புழுப்பழங்களை அன்றன்றே எடுத்து ஆழப் புதைப்பது பொறியைவிடப் பயன் தரும்.

விளைந்ததைப் பழுக்கவைக்கவும் அவசரம் வேண்டாம். கார்பைடு கல்லால் பழுக்கவைப்பது நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. மாங்காயின் தோள்பகுதி புடைத்தபின் சிறிது காம்புடன் பறித்து, வைக்கோலில் அடுக்கிவைத்தால் சில நாள்களில் மணம் தானே வீடெங்கும் பரவும்.

தவறிய மரத்துக்கும் வழி உண்டு

எங்கள் மாமரத்தை வேரோடு வெட்டிவிடவே முதலில் எண்ணினோம். உறவினர் தடுத்தார். உத்தரப் பிரதேசத்தின் மலீஹாபாதில் கலீமுல்லா கான் என்பவர் ஒரே மாமரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட இரகங்களை ஒட்டுக்கட்டி வளர்த்திருப்பதையும், 2008-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டதையும் எடுத்துச் சொன்னார். வேர் நல்ல வேர். தலையை மட்டும் மாற்றினால் போதும் என்பது அவர் கருத்து.

எட்டாம் ஆண்டில் மரத்தை இடுப்பளவுக்கு வெட்டி, வெட்டுவாயில் பசை தடவினோம். எழுந்த தளிர்களுள் நான்கை வைத்துக்கொண்டு, அவை பென்சில் கனம் அடைந்தபின் இரண்டில் பங்கனப்பள்ளியையும் இரண்டில் நீலத்தையும் ஒட்டுக்கட்டச் செய்தோம். ஓர் ஒட்டு பிடிக்கவில்லை, மூன்று பிடித்தன. ஆழ்ந்த வேர் ஏற்கெனவே இருந்ததால் மூன்றாம் ஆண்டிலேயே காய்த்தது. முன்னர்க் காய்ப்பதும் பின்னர்க் காய்ப்பதுமாக இரு இரகங்கள் ஒரே அடிமரத்தில் இப்போது நிற்கின்றன. மாதம் ஒருமுறை குனிந்து ஒட்டின் கீழே பார்க்கும் வழக்கத்தை மட்டும் நாங்கள் இன்றுவரை விடவில்லை.

வரும் பருவமழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த வாரமே கொல்லையில் வெயிலை அளந்து, குழிக்கு ஓர் இடம் குறித்துவையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், எந்தப் பழம் வேண்டும் என்று முதலில் அவர்களைக் கேளுங்கள்.